பிரிந்து நான்கு மாதம் ஆகிறது, இன்னும் ஏன் அவள் ‘லாஸ்ட் சீன்’ பார்த்துக்கொண்டிருக்கிறேன்? மூளை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தீவுப்பையன் (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 28, ஃபேக்டரியில் டெக்னீஷியன், ஷிப்ட் வேலை. ஒரு பெண்ணோடு மூன்று வருடம் பழகினேன். அவள் கேஎல் (கோலாலம்பூர்), நான் பினாங்கு. மாதத்தில் இரண்டு தடவை பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்கு மேல், கேஎல் சென்ட்ரலில் அவள் நிற்பாள். நான்கு மாதத்துக்கு முன்னால் இது சரிவராது, முடித்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். சண்டை இல்லை, நடுவில் வேறு ஆளும் இல்லை.

நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வீடு வந்தால், சட்டையைக்கூடக் கழற்றாமல் வாட்சப்பைத் திறந்து அவள் கடைசியாக எப்போது வந்து போனாள் என்று பார்க்கிறேன். 6.52 என்று இருக்கும். அந்த 6.52ஐ வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் யோசிப்பேன், அவள் வழக்கமாக எழுவது ஏழு மணிக்கு, இன்று ஏன் சீக்கிரம், யாருக்கு மெசேஜ் போட்டாள், ஒருவேளை என் பெயரைத் திறந்து பார்த்திருப்பாளோ. ஃபிரிட்ஜில் அவள் அம்மா கொடுத்தனுப்பிய சம்பால் இக்கான் பிலிஸ் (நெத்திலிச் சம்பால்) போத்தல் ஒன்று இன்னும் இருக்கிறது. மூடியில் வெள்ளை டேப் ஒட்டி அவள் கையால் தேதி எழுதியிருக்கிறாள். எண்ணெய் மேலே ஆரஞ்சு நிறத்தில் உறைந்து நிற்கிறது. சாப்பிடவும் மனசு வரவில்லை, எறியவும் மனசு வரவில்லை.

ஆம்பளைப் பிள்ளை இப்படி இருக்கலாமா என்று அண்ணன் கேட்கிறான். இது மனசு பலவீனமா, வியாதியா, மூளையில் ஏதாவது நடக்கிறதா? ‘மறந்துவிடு’ என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள், அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

செராஸ் அக்கா (கோலாலம்பூர்)

தம்பி, மற்றதை அப்புறம் பேசலாம். சாப்பிடுகிறாயா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்? நான் தாதி வேலையில் 22 வருடம் இருக்கிறேன், உன் வயதுப் பிள்ளைகள் காதல் தோல்வி என்று எந்த நிலைமையில் வார்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்தவள், அதனால் நேராகவே கேட்கிறேன்: இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவையாவது வந்ததா? வந்திருந்தால் இங்கே பதில் வரும் என்று காத்திருக்காதே, பிஃப்ரெண்டர்ஸ் உதவி லைனுக்குப் போன் பண்ணு, ராத்திரி எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.

தீவுப்பையன்

இல்லை அக்கா, அந்த மாதிரி நினைப்பு வரவில்லை, சத்தியமாக. சாப்பாடு ஒரு வேளைதான். தூக்கம் நாலு மணி நேரம், அதுவும் விட்டு விட்டு. ஐந்து கிலோ குறைந்துவிட்டேன்.

செராஸ் அக்கா

சரி. ஒரு வேளை போதாது, நைட் ஷிப்ட் ஆளுக்கு. இன்றைக்கு ஒரு முட்டையாவது சேர்த்துக்கொள். எடை இன்னும் இறங்கினால் கிளினிக்குக்குப் போ, வெட்கப்படாதே.

நரம்புமுடிச்சு (பெட்டாலிங் ஜெயா பக்கம்)

நான் உளவியலில் முதுகலை படிக்கிறேன், என் ஆய்வு பழக்க அடிமைத்தனம் பற்றியது, அதனால் இந்தப் பக்கம் கொஞ்சம் படித்திருக்கிறேன். ‘பலவீனமா’ என்று கேட்டீர்கள். இல்லை என்பதுதான் என் பதில், அதற்குக் காரணம் சொல்கிறேன்.

2005ல் ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஆரன், லூசி பிரவுன் ஆகியோரின் குழு அமெரிக்காவில் ஒரு வேலை செய்தது. காதலில் தலைகால் தெரியாமல் இருந்த 17 பேரை மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துக் காதலரின் படத்தையும் தெரிந்த வேறொருவரின் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். காதலர் முகம் வந்ததும் வேகம் எடுத்த இடங்களில் முக்கியமானது நடுமூளையில் இருக்கும் விடிஏ என்ற சின்னப் பகுதி. ஒன்றைத் தேடிப் போகத் தூண்டுகிற டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் கூட்டமாக இருக்கும் இடம் அது. பசித்தவனைச் சோறு தேடவும், தாகம் எடுத்தவனைத் தண்ணீர் தேடவும் எழுப்பி ஓடவைக்கிற ஏற்பாட்டில் அதற்கும் பங்கு உண்டு. அதனால்தான் காதல் ஓர் உணர்ச்சி என்பதைவிட ஓர் உந்துதல் என்று சொல்வதே சரி என்று ஃபிஷர் வாதாடினார். கோபம் வரும், அரை மணி நேரத்தில் போகும். தாகம் அப்படிப் போகாது, தண்ணீர் கிடைக்கும் வரை மனசு அதையே சுற்றும்.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது அதே குழு 2010ல் வெளியிட்டது. இந்தத் தடவை எடுத்துக்கொண்டது காதலித்தவர் விட்டுப் போன பிறகும் காதலித்துக்கொண்டிருந்த 15 பேரை. பிரிந்து சராசரியாக இரண்டு மாதம். விழித்திருக்கிற நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் அந்த ஆள் நினைப்புதான் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். விட்டுப் போனவரின் படத்தைக் காட்டினால் அந்த விடிஏ அடங்கியிருக்க வேண்டும் இல்லையா? அடங்கவில்லை, ஸ்கேனில் முன்போலவே எரிந்தது, அதாவது வேகமாக வேலை செய்தது. கூடவே கொக்கேய்ன் ஏக்கத்தில் வேலை செய்கிற நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் முதலான இடங்களும் சேர்ந்துகொண்டன. ‘முடிந்துவிட்டது’ என்று அவள் சொன்னது உங்கள் காதில் விழுந்தது, புரிந்தது. கீழே இருக்கிற அந்தப் பகுதிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது, அது இன்னும் கேஎல் சென்ட்ரலில் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு, பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிரிந்து அதிக நாள் ஆனவர்களிடம், பிணைப்போடு சம்பந்தப்பட்டது என்று கருதப்படும் ஒரு பகுதியின் வேகம் குறைவாக இருந்தது. நாள் கூடக் கூட அது தணிகிறது என்று கொள்ளலாம்.

தீவுப்பையன்

நன்றி, இதை மூன்று தடவை படித்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் படத்தைப் பார்த்தால்கூட எனக்கு இவ்வளவு ஆவதில்லை. அந்த நேரம், வெறும் எண், அதைப் பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை. ஏன்?

நரம்புமுடிச்சு

நல்ல கேள்வி. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் டோபமின் செல்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தவர். குரங்குக்குப் பழச்சாறு ஒரு சொட்டு கொடுப்பார். எதிர்பாராமல் கிடைத்தால் செல் துள்ளும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு சாற்றுக்குத் துள்ளாது, விளக்குக்குத் துள்ளும். விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் அந்த நேரத்தில் செல் சுருண்டு அடங்கிவிடும். அப்புறம் 2003ல் அவருடைய குழு சாறு வருமா வராதா என்பதை நிச்சயம் இல்லாமல் ஆக்கிப் பார்த்தது. நூற்றுக்கு நூறு வரும் என்றால் அமைதி. வரவே வராது என்றாலும் அமைதி. பாதிக்குப் பாதி என்று வைத்தபோதுதான் காத்திருக்கும் நேரம் முழுக்க அந்தச் செல்கள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போயின.

குரங்கின் சாற்றிலிருந்து உங்கள் கைப்பேசிக்குத் தாவுவது என் ஊகம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், படம் மாறாது, உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த எண் தினமும் மாறுகிறது. 6.52, மறுநாள் 7.10, அதற்கு அடுத்த நாள் நடுராத்திரி 1.40. ஒவ்வொரு தடவையும் ‘ஒருவேளை’ என்று ஒன்று உள்ளே இருக்கிறது. உங்களைக் கட்டிப்போட்டிருப்பது அந்த ‘ஒருவேளை’.

கெப்போங்_குமார்

அண்ணே, வாட்சப் செட்டிங்கில் உங்கள் லாஸ்ட் சீனை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடுங்கள். நாம் மறைத்தால் மற்றவர்களுடையதும் நமக்குத் தெரியாது. அவளை பிளாக் பண்ண மனசு வராது என்றால் இது நல்ல வழி, நான் இப்படித்தான் செய்தேன்.

பால்மரம் (நிபோங் திபால்)

தம்பி, அம்மா, எல்லோரும் எழுதியதைப் படித்தேன். எனக்கு 67 வயது. ஸ்கேன் கீன் எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் சொல்கிற இந்தத் தாகம் எனக்கு வந்ததே இல்லை, அப்படியானால் நான் காதலிக்கவே இல்லையா என்று ஒரு கேள்வி எழுந்தது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

1981ல் கல்யாணம். பெரியவர்கள் பேசி முடித்தது. தாம்பூலம் மாற்றிய அன்று அவள் முகத்தைப் பார்த்தேன், அப்புறம் மணவறையில்தான். ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பால்வெட்டு வேலை, விடியற்காலை நாலரைக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவேன். முதல் ஒரு வருடம் நாங்கள் அதிகம் பேசியதாக நினைவில்லை. அவள் கருப்புக் காப்பியைப் போத்தலில் ஊற்றி, சூடு ஆறாமல் பழைய சரோங் துணியைச் சுற்றி, என் நிரைக்கு நடந்து வந்து மரத்தடியில் வைத்துவிட்டுப் போவாள். நான் வெட்டி முடித்து வரும்போது போத்தல் மட்டும் இருக்கும். பல மாதம் அப்படித்தான். ஒரு நாள் போத்தலோடு அவளும் உட்கார்ந்திருந்தாள். எப்போதிலிருந்து எனக்கு அவள் மேல் அந்த இது வந்தது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன், ஆனால் அதுவும் ஒரே நாளில் வந்ததாக இருக்காது.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. காலையில் இன்னும் இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறேன். கேட்டில் மோட்டார் சத்தம் கேட்டால் மகள் வீட்டிலிருந்து அவள் வந்துவிட்டாள் என்று எழுந்து நிற்கிறேன். இதுவும் அந்த மூளை வேலைதானா அம்மா?

நரம்புமுடிச்சு

ஐயா, இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நேற்று முழுக்க யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் காதலித்தீர்களா என்பது. அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஆய்வு பற்றிக் கேட்டால், 1982ல் குப்தா, சிங் என்ற இரு ஆய்வாளர்கள் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். காதல் திருமணம் செய்தவர்களிடம் ஆரம்பத்தில் காதல் அளவு உயரமாக இருந்து வருடங்கள் போகப் போக இறங்கியது. பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணங்களில் தாழ்வாக ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. இதைச் சிலர் ‘பார்த்தாயா, அரேஞ்ஜ்டுதான் நல்லது’ என்று காட்டுவதற்கு எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. 50 தம்பதி, ஒரே ஊர். பின்னாளில் அமெரிக்காவில் வாழும் இந்தியத் தம்பதிகளிடம் கேட்டபோது இரண்டு வகைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான், தாகத்தில் ஆரம்பிக்காத காதலும் உண்டு, அது ஆழமாகவும் போகும்.

பியாங்கா அசெவெடோ என்பவர், ஃபிஷர், ஆரன், பிரவுன் மூவரோடும் சேர்ந்து, திருமணமாகிச் சராசரி 21 வருடம் ஆகியும் துணை மேல் தீவிரக் காதலோடு இருப்பதாகச் சொன்ன 17 பேரை இதே மாதிரி ஸ்கேன் செய்தார். அவர்களிடமும் விடிஏ எரிந்தது. கூடவே, தாய்-பிள்ளை பாசத்தில் வேலை செய்கிற பிணைப்புப் பகுதிகளும் எரிந்தன. புதுக்காதலில் இருக்கும் பதற்றமும் அந்த ஓயாத நினைப்பும் மட்டும் அவர்களிடம் இல்லை.

இரண்டு கோப்பை விஷயம். 2008ல் மேரி-பிரான்சிஸ் ஓ’கானர், தாயையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோயில் இழந்த 23 பெண்களை ஆராய்ந்தார். துக்கம் ஆறாமல் நீண்டு கிடந்தவர்களிடம் இறந்தவரின் படத்தைப் பார்க்கும்போது, வலிக்கான இடங்களோடு, மேலே சொன்ன அக்கும்பென்ஸும் எரிந்தது. ஏங்கி எதிர்பார்க்கிற இடம் அது. நெஞ்சு அவரை இன்னும் எதிர்பார்க்கிறது, ஐயா. கை பழகிய வழியில் போகிறது. இரண்டாவது கோப்பையை எடுப்பதை நீங்கள் நிறுத்தியாக வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

பால்மரம்

நன்றி அம்மா. மகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன்.

சுங்கைபீசி_வேந்தன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் எனக்கு இந்த இழையில் ஒரு மனத்தாங்கல். அந்த அங்கிள் எழுதியதைப் படித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அடுத்த பதிவில் அதற்கு ஒரு பகுதியின் பெயர், ஒரு வருடம், ஒரு எண்ணிக்கை. காதலை கெமிக்கல் ஆக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? நம் முன்னோர்கள் இதைப் பசலை என்றார்கள். தலைவன் பிரிந்தான், தலைவியின் மேனி நிறம் மாறிற்று, வளை கழன்றது, தூக்கம் போயிற்று. அதில் எல்லாம் இருக்கிறதே, இதற்கு மேல் டோபமின் என்ன சொல்லப் போகிறது?

நரம்புமுடிச்சு

வேந்தன், உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, கோபம் இல்லை. ஆனால் பசலையைப் பாருங்கள்: நிறம் மாறியது, மெலிந்து வளை கழன்றது, தூக்கம் இல்லை. அவர்களும் உடம்பைத்தான் பார்த்திருக்கிறார்கள்! காதல் உடம்பில் நடக்கிறது என்று சொல்ல அவர்கள் தயங்கவில்லை. தீவுப்பையன் ஐந்து கிலோ குறைந்தது அதே வளை கழன்ற கதைதான்.

இன்னொன்று. அவருடைய அண்ணன் அவரிடம் ‘ஆம்பளைப் பிள்ளை இப்படி இருக்கலாமா’ என்று கேட்டார். அதற்கு எதிராக அவர் கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. பதினைந்து பேரின் மூளையில் இதே நடந்தது என்று தெரிந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதற்காகத்தான் எண்ணிக்கை.

ஸ்கேன் ஆய்வுகளை வேதவாக்காகவும் எடுக்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 15 பேர், 17 பேர் என்பதெல்லாம் சின்ன எண்ணிக்கை. ஓர் இடம் எரிந்தால் அது காதலுக்கு மட்டுமே ஆன இடம் என்று அர்த்தமில்லை, விடிஏ பணத்துக்கும் எரியும், சாக்லேட்டுக்கும் எரியும்.

சுங்கைபீசி_வேந்தன்

சரி, அந்த அண்ணன் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த்_பானு

நெஞ்சு வலிக்கிறது என்கிறோமே, அது நிஜ வலியா? எங்கோ படித்தேன், பனடால் போட்டால் மனவலியும் குறையுமாம். யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

செராஸ் அக்கா

பானு, தயவுசெய்து மனவலிக்குப் பனடால் விழுங்காதே. 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு நாளைக்கு எட்டுதான் உச்சம், அதைத் தாண்டினால் ஈரல் போய்விடும். தெரியாமல் போட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிடும். இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது.

நரம்புமுடிச்சு

அக்கா சொல்வதுதான் முதலில். பானு படித்தது 2010ல் வந்த ஒரு சின்ன ஆய்வாக இருக்கும், மூன்று வாரம் தினமும் பாரசிட்டமால் (பனடாலில் இருக்கும் மருந்து) சாப்பிட்டவர்கள் மனம் புண்பட்டதைக் குறைவாக எழுதினார்கள் என்று. அதை வைத்து யாரும் மருந்து எழுதித் தருவதில்லை.

நிஜ வலியா என்றால், 2011ல் ஈதன் கிராஸ் குழு, காதலர் விட்டுப் போன 40 பேருக்கு அவர் படத்தைக் காட்டியும், கையில் சூடு வைத்தும் ஒப்பிட்டது. உடம்பு வலிக்கு எரிகிற சில இடங்கள் இரண்டுக்கும் எரிந்தன. ஆனால் 2014ல் நுணுக்கமாகப் பார்த்தபோது ஒரே இடத்துக்குள்ளும் வடிவம் வேறு வேறாக இருந்தது தெரியவந்தது. ஒரே வாசலில் போட்ட இரண்டு கோலம் மாதிரி. அதனால் மனவலி பொய் இல்லை, அது உடம்பு வலியும் இல்லை.

அக்காவுக்குத் தெரிந்திருக்கும், திடீர் துக்கத்தில் இதயத்தின் இடது கீழறை ஊதிப்போய் மாரடைப்பு மாதிரியே வருவது உண்டு. தகோட்சுபோ என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில் பெயர் வைத்தார்கள், அங்கே கணவாய் பிடிக்கிற பானையின் வடிவத்தில் இதயம் தெரிந்ததாம்.

செராஸ் அக்கா

கணவாய் இல்லை கண்ணு, எண்காலி. சோத்தோங் வேறு, அது வேறு. வார்டில் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் வயதான பெண்கள், கணவர் தவறிய வாரத்தில் வருவார்கள். நிறையப் பேர் தேறிவிடுகிறார்கள்.

நரம்புமுடிச்சு

ஆமாம், ஆக்டோபஸ். திருத்தியதற்கு நன்றி அக்கா.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாசி

பெயர் தெரியாத இடம் என்பதால் சொல்கிறேன். தீவுப்பையனுக்காவது மூன்று வருடம் உண்மையாகப் பழக்கம் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. ஆபீசில் ஒருவர். இரண்டு வருடமாக மனசுக்குள்ளேயே. அவர் ‘பசியாறியாச்சா’ என்று கேட்டால் அன்று முழுக்க எனக்குத் தீபாவளி, பேசாமல் போனால் மதியம் சோறு இறங்காது. எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கிறார் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் நிற்கவில்லை. போன தைப்பூசத்தில் பத்துமலையில் 272 படியும் ஏறும்போது இதை எடுத்துவிடு முருகா என்றுதான் கேட்டுக்கொண்டே ஏறினேன்.

நரம்புமுடிச்சு

உங்கள் நிலைக்கு ஒரு பெயர் உண்டு. டோரதி டெனோவ் என்ற உளவியலாளர் நூற்றுக்கணக்கானவர்களிடம் பேசி, 1979ல் வெளியிட்ட நூலில் இதை லிமரென்ஸ் என்று அழைத்தார். நினைப்பு தானாக வந்து புகுந்துகொள்ளும், அவர் சொல்கிற சாதாரண வார்த்தைக்கும் அர்த்தம் தேடும். டெனோவ் கவனித்ததில் முக்கியமானது, இது வளர்வதற்கு நம்பிக்கையும் சந்தேகமும் இரண்டும் வேண்டும். தெளிவாக ‘ஆம்’ என்றாலும் மெல்ல அடங்கும், தெளிவாக ‘இல்லை’ என்றாலும் அடங்கும். நடுவில் தொங்கினால் வருடக்கணக்கில் ஓடும். நீங்கள் இரண்டு வருடமாக நடுவில் இருக்கிறீர்கள்.

1999ல் இத்தாலியில், பீசா நகரத்தில் டொனடெல்லா மராசிட்டி குழு ஒன்று செய்தது. ஆறு மாதத்துக்குள் காதலில் விழுந்த 20 பேர், கை கழுவிக்கொண்டே இருப்பது மாதிரியான ஓசிடி உள்ள 20 பேர், இரண்டும் இல்லாத 20 பேர். ரத்தத் தட்டணுக்களில், செரோட்டோனின் என்ற ரசாயனத்தைக் கடத்துகிற புரதத்தை அளந்தார்கள். காதலர்களிடமும் ஓசிடி உள்ளவர்களிடமும் அது ஒரே மாதிரி குறைந்திருந்தது. காதலில் விழுந்தவர்களில் சிலரை ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்துத் திரும்ப அழைத்து அளந்தால் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அவர்களும் அந்தத் தீவிரம் போய்விட்டது என்றார்கள்.

அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் ஆபீஸ் நிலவரம் எனக்குத் தெரியாது. ஆனால் பதில் தெரியாமல் இருப்பதுதான் இதற்குத் தீனி, அது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாசி

கை கழுவுவது மாதிரி என்று சொன்னீர்களே, சரியாக அதுதான். நான்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெப்போங்_குமார்

ஆன்லைனில் காதல் ஹார்மோன் என்று ஆக்சிடோசின் ஸ்பிரே விற்கிறார்கள், எண்பது வெள்ளி. உறவு பலப்படுமாம். உண்மையா?

செராஸ் அக்கா

அதைப் பிரசவ வார்டில் நாங்கள் ட்ரிப்பில் ஏற்றுகிறோம், கர்ப்பப்பை சுருங்குவதற்கு. ஆன்லைனில் வருகிற புட்டியில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? எண்பது வெள்ளிக்கு வீட்டுக்காரம்மாவை எங்காவது சாப்பிடக் கூட்டிப் போ.

நரம்புமுடிச்சு

இந்தப் பெயர் வந்த கதை எலி மாதிரியான ஒரு சின்னப் பிராணியிலிருந்து. பிரெய்ரி வோல், அமெரிக்கப் புல்வெளியில் இருப்பது, ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் சேர்ந்தே குடித்தனம் நடத்தும். மலையில் வாழும் அதன் உறவினம் அப்படிச் சேராது. சூ கார்ட்டர், லாரி யங் முதலானவர்கள் பல வருடம் ஆராய்ந்து, ஆக்சிடோசினும் வாசோபிரெஸ்ஸின் என்ற இன்னொரு ஹார்மோனும் மூளையில் எங்கே ஒட்டுகின்றன என்பதில்தான் வித்தியாசம் என்று காட்டினார்கள். ஆனால் 2023ல் ஆக்சிடோசின் ஒட்டுகிற ஏற்பியே இல்லாத பிரெய்ரி வோல்களை மரபணு திருத்தத்தில் உருவாக்கிப் பார்த்தால், அவையும் ஜோடி சேர்ந்தன, குட்டியும் வளர்த்தன! ஒரு ஹார்மோனில் அடங்குகிற விஷயம் இல்லை இது. வோல்களிலேயே இல்லை, மனிதர்களில் எங்கே.

தீவுப்பையன்

குமார் சொன்னபடி லாஸ்ட் சீனை மறைத்துவிட்டேன். இன்று நான்காவது நாள். முதல் இரண்டு நாள் கை தானாகப் போய்த் திறந்தது, அங்கே நேரம் இல்லை, நெஞ்சு அப்படியே கீழே இறங்கியது. இன்று ஒரு தடவைதான் திறந்தேன். வேறு என்ன செய்யலாம்? அவளிடம் இருந்த குறைகளை ஒரு தாளில் எழுதிப் பார் என்கிறான் கூட்டாளி.

நரம்புமுடிச்சு

நெஞ்சு கீழே இறங்கியது என்றீர்களே, அதுதான் அந்தக் குரங்குக்கு விளக்கு எரிந்தும் சாறு வராத நேரம் மாதிரி. தொடர்ந்து வராவிட்டால் விளக்கே அர்த்தம் இழக்கும்.

குறை எழுதுவது பற்றி: சாண்ட்ரா லாங்கஸ்லாக் 2018ல் காதல் முறிந்த 24 பேரிடம் மூன்று வழிகளைச் சோதித்தார். விட்டுப்போனவரின் குறைகளை நினைத்தால் காதல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அந்த நேரத்தில் மனநிலை இன்னும் மோசமானது. வேறு நல்ல விஷயத்தில் கவனத்தைத் திருப்பினால் மனநிலை நன்றாயிற்று, காதல் குறையவில்லை. ‘காதலித்தால் என்ன, அதில் தவறில்லை’ என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு இரண்டும் மாறவில்லை. ஆனால் மூன்று வழியிலும் படத்தைக் கண்டதும் மூளை துள்ளுவது குறைந்தது. நைட் ஷிப்ட் முடிந்து, தூக்கம் இல்லாமல், வெறும் வயிற்றோடு இருக்கும்போது குறைகளை எழுத உட்காராதீர்கள். அதைப் பகலில், சாப்பிட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பால்மரம்

தம்பி, அந்தப் பெண்ணின் குறையை எழுத வேண்டாம் என்பது என் எண்ணம். நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போன பிள்ளை.

தீவுப்பையன்

(ஆறு வாரம் கழித்து)

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். தூக்கம் ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது அக்கா. குறை எதுவும் எழுதவில்லை ஐயா. அண்ணனிடம் அந்த 15 பேர் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, மறுநாள் வந்து மோட்டாரில் பத்து ஃபெரிங்கி வரை கூட்டிக்கொண்டு போனான். கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம், அவளைப் பற்றி அவனாகவே கேட்டான்.

போத்தலைப் போன வாரம் திறந்தேன். கெட்டுப்போயிருந்தது. கொட்டிவிட்டுக் கழுவி வைத்தேன், டேப்பை உரிக்கவில்லை.

ஆனால் போன சனிக்கிழமை ஒரு நண்பன் கல்யாணத்துக்கு இடிஎஸ்ஸில் கேஎல் போக வேண்டியிருந்தது. ஈப்போ வரை ஒன்றும் இல்லை, தூங்கிக்கொண்டே போனேன். ரவாங் தாண்டியதும் கை வேர்க்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் சுங்கை பூலோ வந்தால்தான் ‘வந்துகொண்டே இருக்கிறேன்’ என்று மெசேஜ் போடுவேன். அந்த ஸ்டேஷன் வந்ததும் கை பையிலிருந்து போனை எடுத்துவிட்டது. நெஞ்சு முதல் மாதம் மாதிரியே அடித்தது. இவ்வளவு நாள் செய்தது எல்லாம் வீணா?

நரம்புமுடிச்சு

வீணில்லை. என் ஆய்விலேயே தினமும் பார்ப்பது இது, போதையை விட்டு வருடக்கணக்கில் ஆனவர்களுக்கும் பழைய தெருவுக்குள் போனால் ஏக்கம் எழும். மூளை பழையதை அழிப்பதில்லை, அதன் மேல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறது, அந்தப் புதிய பாடம் கற்ற இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். நீங்கள் பாயான் லெப்பாஸில் கற்றுக்கொண்டீர்கள். சுங்கை பூலோ ஸ்டேஷனுக்கு அது இன்னும் தெரியாது. அவள் இல்லாமலே அந்த ஸ்டேஷனைப் பல தடவை கடந்தால் அங்கேயும் படியும்.

தீவுப்பையன்

அடுத்த மாதம் கம்பெனி பயிற்சிக்கு மூன்று நாள் கேஎல் வர வேண்டும். ரயிலிலேயே வந்து பழகிக்கொள்ளவா, இந்த ஒரு தடவை பஸ்ஸில் வரவா?

செராஸ் அக்கா

பயிற்சிக்கு வருகிறவன் நெஞ்சு அடித்துக்கொண்டு வந்து இறங்க வேண்டாம். வரும்போது பஸ்ஸில் வா, டிபிஎஸ் பஸ் நிலையத்தில் இறங்கு, என் வீடு அங்கிருந்து பக்கம்தான். எனக்கு அந்த வாரம் காலை ஷிப்ட், மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பிள்ளைகளும் இருப்பார்கள், சோறாக்கி வைக்கிறேன், மீன் குழம்பு சாப்பிடுவாய்தானே? திரும்பிப் போகும்போது ரயிலில் போ, அது அவளை விட்டு வீட்டுக்குப் போகிற பக்கம். தனி மெசேஜில் தேதியைப் போடு.